இரவு ரயிலில் வந்து இறங்கும் மகள் செயலியில் வாடகைக் கார் எடுக்கலாமா?

கேள்வி: அரசலாற்றங்கரை

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் நாச்சியார்கோயிலைத் தாண்டி ஓர் உட்கிராமத்தில் வசிக்கிறோம். என் மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். ஊருக்கு வரும்போதெல்லாம் இரவு ரயிலில் ஏறி, விடிவதற்கு வெகுநேரம் முன்பே கும்பகோணம் நிலையத்தில் இறங்குவாள். இதுவரை அவள் அப்பா இருசக்கர வண்டியில் போய் அழைத்து வந்தார். கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இரவில் வண்டி ஓட்டக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், இனிமேல் செயலியில் கார் பதிவு செய்து தானே வந்துவிடுவதாக மகள் சொல்கிறாள். சென்னையில் அவளுக்கு அது பழக்கம்தான். ஆனால் அங்கே பின்னிரவிலும் சாலையில் நாலு பேர் நடமாடுவார்கள். இங்கே ஊர் எல்லை தாண்டினால் இருபுறமும் வயல், சில இடங்களில் கைப்பேசிக்குச் சிக்னலும் கிடைக்காது.

என் சந்தேகங்கள் இவைதான். அந்த நேரத்தில் வண்டியில் ஏறுவதற்கு முன் அவள் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்? "செயலியில் ரத்து செய்துவிட்டுப் பணத்தை நேரில் கொடுங்கள்" என்று ஓட்டுநர் கேட்பதாகப் பலரும் சொல்கிறார்களே, அதற்கு ஒப்புக்கொள்ளலாமா? பெரிய சாலையை விட்டு ஆற்றங்கரைச் சாலையில் வண்டி திரும்பினால் அதைச் சந்தேகப்பட வேண்டுமா, அல்லது நம் பக்கத்தில் அது இயல்பா? இவை போக, என் மாமியாரையும் அழைத்துக்கொண்டு திருச்சி விமான நிலையத்துக்கு டிராப் டாக்சியில் (ஒருவழிக்கு மட்டும் எடுக்கும் வாடகைக் காரில்) போக வேண்டிய வேலை ஒன்றும் இருக்கிறது. அதைப் பற்றியும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும். மகளைப் பயமுறுத்தாமல் சொல்லி வைக்கக்கூடியதாக இருந்தால் நல்லது.

பதில்: வெண்ணாற்றுப் பயணி

வணக்கம் அம்மா. தஞ்சாவூரில் இருந்துகொண்டு திருச்சிக்கும் மன்னார்குடிக்கும் வேளை கெட்ட வேளையில் போய் வரும் வேலை என்னுடையது என்பதால், உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை நினைவில் வையுங்கள். சென்னையில் பொத்தானை அழுத்தியதும் வண்டி வருவதைப் போல விடிகாலைக் கும்பகோணத்தில் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. திருச்சியில் ஓலா, ஊபர், ராபிடோ எல்லாம் ஓரளவு கிடைக்கும். தஞ்சாவூரில் அதைவிடக் குறைவு. கும்பகோணத்தில் அந்த நேரத்தில் ஏதாவது ஒன்று அகப்பட்டால் உண்டு. எனவே வண்டி கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட வேண்டும். நிலையத்தின் காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்திருந்து, விடிந்ததும் பேருந்தில் வருவது என்பது தாழ்வான ஏற்பாடு அல்ல. வண்டி கிடைக்கவில்லை என்ற பதற்றத்தில், வெளியே வந்து யார் கூப்பிட்டாலும் ஏறிக்கொள்வதுதான் தவிர்க்க வேண்டியது.

ரயிலில் இருக்கும்போதே பதிவு செய்ய வேண்டாம். ரயில் எங்காவது நின்றுவிட்டால் ஓட்டுநர் காத்திருந்து அலுத்து ரத்து செய்துவிடுவார். நடைமேடையில் இறங்கிய பிறகு பதிவு செய்து, வண்டி வாசலுக்கு வந்துவிட்டதைச் செயலி காட்டும் வரை விளக்கு வெளிச்சத்தில் பயணச்சீட்டு முகப்புக்கு அருகிலேயே நிற்கலாம். கையில் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு இருட்டில் வண்டி எண்ணைத் தேடி அலைவதைவிட, அவரை வாசல் வரை வரச் சொல்வது மேல்.

வண்டி எண்ணை முழுவதுமாக ஒப்பிட வேண்டும்; கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் போதாது. டி.என். 68 என்றால் கும்பகோணம், 49 தஞ்சாவூர், 50 திருவாரூர், 51 நாகப்பட்டினம், 82 மயிலாடுதுறை, 45 திருச்சி என்று நம் பகுதிக் குறியீடுகள் மகளுக்கும் தெரிந்திருக்கும். வெளியூர் எண் என்பதாலேயே தவறு என்று பொருளல்ல. செயலி காட்டும் எண்ணும் வந்து நிற்கும் வண்டியின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். "அந்த வண்டி ரிப்பேர், இது அண்ணனுடைய வண்டி" என்று சொன்னால், அது உண்மையாகவே இருந்தாலும் ஏற வேண்டாம். ஏனென்றால் செயலியிடம் இருக்கும் விவரம் வேறு வண்டியுடையது; பின்னால் ஏதாவது நேர்ந்தால் தேடுகிறவர்கள் தவறான வண்டியைத் தேடிக்கொண்டிருப்பார்கள். படத்தில் இருக்கும் முகம் வேறாக இருந்தாலும் இதே பதில்தான்.

பெயரை நாமாக எடுத்துக் கொடுக்கக் கூடாது. "எனக்காகத்தானே வந்தீர்கள்?" என்று கேட்டால் யாரும் ஆமாம் என்பார்கள். "யாருக்காக வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டு அவர் வாயிலிருந்து பெயர் வர வேண்டும். ஓடிபி எண்ணை வண்டியைப் பார்த்து, உள்ளே உட்கார்ந்த பிறகுதான் சொல்ல வேண்டும். "வந்துகொண்டே இருக்கிறேன், ஓடிபியை மட்டும் சொல்லுங்கள்" என்று தொலைபேசியில் கேட்பவர்கள் உண்டு. சொன்னால் நீங்கள் ஏறாமலேயே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்காகும்.

உட்காருவது பின்னிருக்கையின் இடப்பக்கம். கதவைச் சாத்துவதற்கு முன் அதன் விளிம்பில் சிறுவர் பூட்டின் சிறிய நெம்புகோல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு பார்வை பார்க்கலாம். அது போடப்பட்டிருந்தால் உள்ளிருந்து கதவைத் திறக்க முடியாது. எடுத்துவிடச் சொன்னால் பெரும்பாலான ஓட்டுநர்கள் மறுபேச்சில்லாமல் எடுத்துவிடுவார்கள். கண்ணாடி இறங்குகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

பயணத்தைப் பகிரும் இணைப்பை உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். கூடவே வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடத்தையும் ஒரு மணி நேரத்துக்குப் போட்டு வைக்கலாம். சிக்னல் போகும் இடங்களில் இரண்டும் நின்றுவிடும் என்பதால், எந்தெந்த இடம் வந்ததும் ஒரு வரி அனுப்ப வேண்டும் என்று நீங்களும் அவளும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். புள்ளி அசையவில்லை என்று பார்த்துப் பதறுவதைவிட, நாச்சியார்கோயில் கடைவீதியைத் தாண்டிவிட்டேன் என்ற ஒரு வரி நம்பகமானது.

பணத்தைப் பற்றி ஒரு சிறு செய்தி. செயலி நம் எண்ணை ஓட்டுநரிடம் மறைத்துத்தான் பேச வைக்கிறது. ஆனால் இறங்கும்போது அவருடைய யூபிஐக்குப் பணம் அனுப்பினால், நம் யூபிஐ முகவரியே கைப்பேசி எண்ணாக இருக்கும்பட்சத்தில் அது அவருக்குத் தெரிந்துவிடும். செயலிக்குள்ளேயே கட்டலாம், அல்லது சரியான சில்லறையாக ரொக்கம் கொடுக்கலாம். வீட்டு வாசலைக் குறிக்காமல் தெருமுனைக் கோயிலையோ கடையையோ இறங்குமிடமாகக் குறிக்கச் சொல்வதும் நகரத்துக்கு நல்ல யோசனைதான். நம் கிராமத்தில் அதனால் பெரிய பயன் இல்லை, டீக்கடையில் கேட்டால் யார் வீட்டுப் பெண் என்பதோடு தாத்தா பெயரையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள்.

பதில்: பழைய மாயவரம்

இவ்வளவு சிரமம் எதற்கு? நிலையத்து ஆட்டோ ஸ்டாண்டில் தலைமுறையாக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரிடம் முதல் நாளே சொல்லி வைத்தால் நடைமேடை வரை வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார். செயலியில் வருகிறவர் யார், எந்த ஊர் என்று யாருக்குத் தெரியும்? எங்கள் வீட்டில் இன்றும் இப்படித்தான்.

பதில்: மஞ்சள் போர்டு

வணக்கம். நான் தஞ்சாவூரில் சொந்தமாகக் கார் வைத்து ஓட்டுகிறேன். செயலியிலும் ஓட்டுகிறேன், நேரடி சவாரியும் போகிறேன்.

மாயவரத்து ஐயா சொல்வதை நான் மறுக்கவில்லை. தெரிந்த ஓட்டுநர் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. ஆனால் அந்த ஓட்டுநருக்கு அன்றைக்கு உடம்பு சரியில்லை என்றால் தன் மச்சானை அனுப்புவார். மச்சானை உங்களுக்குத் தெரியாது, எந்தப் பதிவிலும் அவர் பெயர் இருக்காது. தெரிந்தவரை ஏற்பாடு செய்தாலும் வண்டி எண்ணையும் ஓட்டி வருபவரின் பெயரையும் முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆள் மாறினால் முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள். நல்ல ஓட்டுநர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ரத்து செய்யச் சொல்வதைப் பற்றி அம்மா கேட்டிருந்தார். கேட்கும் ஓட்டுநர் எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. செயலி காட்டும் கட்டணத்தில் ஒரு பங்கு நிறுவனத்துக்குப் போகும். கும்பகோணத்திலிருந்து ஓர் உட்கிராமத்துக்கு விடிகாலையில் ஆளை இறக்கிவிட்டால் திரும்பி வரும்போது வண்டி காலியாகத்தான் வரும், அந்த டீசலை யாரும் தருவதில்லை. அதனால்தான் கேட்கிறார்கள். காரணம் நியாயமாக இருந்தாலும் நீங்கள் ஒப்புக்கொள்ளக் கூடாது என்பதுதான் ஓட்டுநராகவே என் கருத்து. ரத்து செய்த நொடியில் அந்தப் பயணம் இல்லாமல் போகிறது: யார் ஓட்டினார், எந்த வண்டி, எங்கே ஏறினார், எந்த வழியில் போனார் என்ற எதுவும் செயலியில் பயணமாகப் பதிவாகாது. அவசரப் பொத்தான், பயணப் பகிர்வு, வண்டி வெகுநேரம் நின்றால் கேட்கும் வசதி, பயணிக்கான காப்பீடு ஆகிய அனைத்தும் பயணம் ஓடிக்கொண்டிருந்தால்தான் உயிரோடு இருக்கும். செயலி தரும் பாதுகாப்பு என்பது பெரும்பாலும் இந்தப் பதிவுதான். ஓட்டுநர் நல்லவரா என்று சொல்லும் திறமை அதற்குக் கிடையாது. திரும்பி வரும் செலவுக்காக ஏதாவது கூடுதலாகக் கொடுக்க மனமிருந்தால், பயணத்தைச் செயலியிலேயே முடித்துவிட்டு, இறங்கியபின் கையில் கொடுங்கள். இப்படிச் சொன்னால் பாதிப் பேர் ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொள்ளாதவர் வண்டியில் ஏற வேண்டாம்.

ஆற்றங்கரைச் சாலைக்கு வருகிறேன். டெல்டாவில் வழி மாறுவது தினசரி நடப்பதுதான். வரைபடச் செயலி குறுக்கு வழி என்று வாய்க்கால் கரையைக் காட்டும். எதிரே ஒரு டிராக்டர் வந்தால் இரண்டு வண்டியும் நகர முடியாது. தை, மாசியில் சம்பா அறுவடை நேரத்தில் தார்ச்சாலையில் பாதியை நெல் பிடித்துக்கொள்ளும்; இரவில் தார்ப்பாய் போட்டு மூடி, சுற்றிலும் கல்லை வைத்திருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாழ்வான சாலைகளில் தண்ணீர் நிற்கும். திருவிழாவுக்குத் தேர் வரும் வீதியை அடைத்திருப்பார்கள். இந்த நேரங்களில் ஓட்டுநர் வேறு வழியில் திரும்புவது அவர் கடமை. ஆனால் திரும்புவதற்கு முன் அவர் சொல்ல வேண்டும். சொல்லாமல் திரும்பினால், "அண்ணா, இந்த வழி எங்கே போய்ச் சேரும்?" என்று மகள் உடனே கேட்கலாம். உள்ளூர் ஓட்டுநராக இருந்தால் ஊர்களின் பெயரை வரிசையாகச் சொல்லிவிடுவார். பதில் மழுப்பலாக இருந்தால், "எனக்கு நேரம் ஆனாலும் பரவாயில்லை, பெரிய சாலையிலேயே போங்கள்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு அழைத்துப் பேசத் தொடங்கிவிட வேண்டும். அவள் பழகிய சாலைதானே, வழி தெரிந்த பயணி என்று ஓட்டுநருக்குத் தெரிந்தாலே பாதி விஷயம் முடிந்துவிடும்.

இங்கே யாரும் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். அந்த நேரத்துப் பயணத்தில் நான் அதிகம் பயப்படுவது தூக்கத்துக்குத்தான். பின்னிரவு 2 மணியிலிருந்து 5 மணி வரை உடம்பு தானாகவே தூக்கத்துக்கு ஏங்கும். பகல் முழுவதும் ஓட்டியவருக்கு அது இரட்டிப்பாகும். 2020இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில், செயலி ஓட்டுநர் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, அதன்பின் 10 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்று இருந்தது. ஒரு செயலியில் நேரம் முடிந்ததும் அடுத்த செயலியைத் திறப்பதும், பகலில் கல்யாண சவாரி போய்விட்டு இரவில் செயலியைப் போடுவதும் நடக்கத்தான் செய்கின்றன; வண்டிக் கடன் தவணை யாரையும் தூங்க விடுவதில்லை. வண்டி சாலையோரத்துக்குச் சாய்ந்து சாய்ந்து மீள்வது, காரணமில்லாமல் வேகம் கூடிக் குறைவது, திடீரென்று கண்ணாடியை இறக்கிக் காற்று வாங்குவது, கேட்ட கேள்விக்குத் தாமதமாகப் பதில் வருவது ஆகியவை அடையாளங்கள். அப்போது வெட்கப்படாமல், "அண்ணா, ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம், எனக்கும் வேண்டும்" என்று சொல்லச் சொல்லுங்கள். பேருந்து நிலையத்துக்கு அருகில் அந்த நேரத்திலும் டீக்கடை திறந்திருக்கும் என்பதால், ஊரை விட்டு வெளியே போவதற்கு முன்பே அவர் முகத்தைப் பார்த்து இதை முடிவு செய்வது நல்லது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று அவர் சொன்னாலும் நிறுத்தச் சொல்லலாம். தூக்கம் வருகிறவர் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம்.

தூக்கத்தைச் சொன்னதால் சீட் பெல்ட்டையும் சொல்ல வேண்டும். பின்னிருக்கையில் பெல்ட் போடுவது சட்டப்படி கட்டாயம். போடாவிட்டால் 1000 ரூபாய் அபராதம் உண்டு. 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்தில் அவர் பின்னிருக்கையில் பெல்ட் இல்லாமல் இருந்தார் என்று செய்தி வந்த பிறகு கொஞ்ச நாள் எல்லோரும் அதைப் பேசினார்கள். வாடகை வண்டிகளில் பெரும்பாலும் பின்னிருக்கை உறைக்கு அடியில் பெல்ட்டின் கொக்கி மாட்டும் பகுதி புதைந்து கிடக்கும். எங்கள் தொழிலில் செய்கிற தவறு இது. கொக்கியை எடுத்துக் கொடுக்கும்படி கேளுங்கள். கேட்டால்தான் நாங்களும் உறையைக் கிழித்து வெளியே எடுப்போம். சாலையில் மூடி வைத்த நெல்லின் கல்லில் சக்கரம் ஏறினால் என்ன ஆகும் என்று ஒருமுறை பார்த்தவர் பெல்ட் இல்லாமல் உட்கார மாட்டார்.

பைக் டாக்சியை அந்த நேரத்தில், அந்தச் சாலையில் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அரசலாற்றங்கரை

இவ்வளவு பொறுமையாக எழுதியவர்களுக்கு நன்றி. தூக்கத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. மாயவரத்து ஐயா சொன்னபடி தெரிந்த ஆட்டோவும் ஒன்று பேசி வைக்கிறோம்.

இன்னும் ஒன்று. இவ்வளவும் பார்த்து ஏறிய பிறகு, போகும் வழியில் ஏதோ சரியில்லை என்று அவளுக்குத் தோன்றினால் உடனே என்ன செய்வது? கும்பகோணத்தில் ஏறி, நாலைந்து காவல் நிலைய எல்லைகளைத் தாண்டி வருகிறவள் எங்கே போய்ப் புகார் கொடுப்பாள்? வெள்ளை போர்டு வண்டியில் சவாரி எடுப்பதாகவும் கேள்விப்பட்டேன். அதில் ஏறினால் என்ன தவறு?

பதில்: மயிலாடுதுறை வழக்குரைஞர்

அம்மா, மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்துபவன் என்பதால் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் வாடகைக்கு ஓட அனுமதி பெற்ற வண்டி. மின்சார வண்டி என்றால் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். பச்சையில் வெள்ளை எழுத்து இருந்தால் அது சொந்த உபயோக வண்டி. வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு ஓட்டுவது அனுமதிச் சீட்டு இல்லாமல் ஓட்டும் குற்றம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 192ஏ பிரிவில் 10,000 ரூபாய் அபராதம் உண்டு. அபராதம் ஓட்டுநரின் கவலை. பயணியின் கவலை காப்பீடு. சொந்த உபயோகக் காரின் காப்பீட்டு ஒப்பந்தத்தில் வாடகைக்கு ஓட்டக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும். விபத்து நேர்ந்தால், நிபந்தனை மீறப்பட்டது என்று காப்பீட்டு நிறுவனம் முதல் வாய்தாவிலேயே எதிர்வாதம் போடும். போதாததற்கு, அந்தக் காருக்குக் கட்டாயக் காப்பீடு (மூன்றாம் தரப்புக் காப்பீடு) மட்டுமே எடுக்கப்பட்டிருந்தால், உள்ளே உட்கார்ந்திருந்தவர் மூன்றாம் தரப்பினர் ஆக மாட்டார் என்பது உச்ச நீதிமன்றம் வரை நிலைநாட்டப்பட்ட ஒன்று. இழப்பீட்டுத் தொகையை வண்டி உரிமையாளரிடம் வசூலிக்க வேண்டியிருக்கும். அவரிடம் அந்தக் கார் ஒன்றுதான் சொத்தாக இருந்தால் தீர்ப்பு காகிதத்தில் மட்டுமே இருக்கும். அனுமதி பெற்ற வாடகை வண்டியில் பணம் கொடுத்துப் போகும் பயணிக்குக் கட்டாயக் காப்பீட்டிலேயே பாதுகாப்பு உண்டு. நூறு, இருநூறு மிச்சம் என்று வெள்ளை போர்டில் போகிறவர்கள் எதை விட்டுக்கொடுக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

வண்டி எண்ணை மத்திய அரசின் எம்பரிவாஹன் செயலியில் போட்டால், அது எந்த வகை வாகனம், தகுதிச் சான்றும் காப்பீடும் எந்தத் தேதி வரை செல்லும் என்பவை தெரியும். இரவு நிலையத்து வாசலில் நின்று இதையெல்லாம் பார்ப்பது நடக்காது. தெரிந்தவர், டிராப் டாக்சி என்று முன்கூட்டியே பேசும் வண்டிகளுக்கு முதல் நாளே பார்த்துவிடலாம்.

புகாரைப் பொறுத்தவரை எல்லையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 173ஆம் பிரிவின்படி, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். அவர்கள் பதிவு செய்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். "அது எங்கள் லிமிட் இல்லை" என்ற பதிலுக்கு இனி இடமில்லை. நம் பகுதிக்கு இது மிகவும் தேவையான விதி. 2020இல் மயிலாடுதுறை தனி மாவட்டமான பிறகு, அரை மணி நேரப் பயணத்தில் இரண்டு மாவட்டங்களைத் தொட்டுவிடுகிறோம். நாகப்பட்டினத்துக்குக் கடற்கரைச் சாலையில் போனால் நடுவில் காரைக்கால் வந்து புதுச்சேரிக் காவல்துறையின் எல்லைக்கே போய்விடுகிறோம். எங்கே நடந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டாலும் பயப்படாமல் அருகிலுள்ள நிலையத்துக்குப் போகலாம். செயலியில் உள்ள பயண விவரத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

பதில்: வெண்ணாற்றுப் பயணி

வழியில் சரியில்லை என்று தோன்றினால் என்ற கேள்விக்கு நான் சொல்கிறேன். தோன்றியதும் முதலில் செய்ய வேண்டியது உரக்கப் பேசுவது. வீட்டுக்கு அழைத்து, வண்டி எண்ணையும் இருக்கும் இடத்தையும் ஓட்டுநர் காதில் விழும்படி சொல்ல வேண்டும். அழைப்பை எடுக்க ஆள் வேண்டும் என்பதால், மகள் வரும் இரவில் கைப்பேசியைத் தலைமாட்டில் ஒலியோடு வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பு போகாத இடமாக இருந்தாலும் பேசுவது போலப் பேசலாம், அதில் குற்றமில்லை.

அடுத்து 112. அவசர அழைப்பு என்பதால் நம் சிம்முக்குச் சிக்னல் இல்லாத இடத்திலும் வேறு நிறுவனத்தின் கோபுரம் இருந்தால் போகும் வாய்ப்பு உண்டு. பல கைப்பேசிகளில் பவர் பொத்தானைத் தொடர்ந்து அழுத்தினாலே அவசர அழைப்பு போய்விடும். எத்தனை முறை அழுத்த வேண்டும் என்பது கைப்பேசிக்குக் கைப்பேசி மாறும் என்பதால் அமைப்புகளில் பார்த்து வைக்க வேண்டும். தமிழ்நாடு காவல்துறையின் காவல் உதவி செயலியை நிறுவிப் பதிவு செய்து வைத்திருந்தால், அவசரப் பொத்தானை அழுத்தியதும் இருப்பிடம் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். பெண்களுக்கான உதவி எண் 181 இரவு பகலாக இயங்குகிறது. ஆனால் ஓடும் வண்டியிலிருந்து அழைப்பதற்கு 112 தான் பொருத்தம்.

வண்டிக்குள்ளேயும் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கலாம். 2019 ஜனவரி முதல் பதிவாகும் புதிய வாடகைக் கார்களில் இருப்பிடம் காட்டும் கருவியோடு அந்தப் பொத்தானும் இருக்க வேண்டும் என்பது விதி; ஆட்டோக்களுக்கு இதிலிருந்து விலக்கு. இருந்தால் அழுத்தலாம், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம் என்பேன். பராமரிப்பு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா என்ன!

வண்டியை நிறுத்தச் சொல்வதாக இருந்தால் வயல் நடுவில் இறங்கிவிடக் கூடாது. பெட்ரோல் பங்க், திறந்திருக்கும் மருத்துவமனை, காவல் சோதனைச் சாவடி என்று விளக்கும் ஆளும் இருக்கும் இடமாகப் பார்த்து, வாந்தி வருகிறது என்றாவது சொல்லி நிறுத்தச் சொல்லலாம்.

புகாரைப் பயணம் முடிந்த அன்றே செயலிக்குள் இருக்கும் உதவிப் பகுதியில் பதிவு செய்ய வேண்டும். வாடிக்கையாளர் சேவை எண் என்று இணையத்தில் தேடிக் கிடைக்கும் எண்ணை அழைக்கவே கூடாது. அந்தப் பெயரில் மோசடிக்காரர்கள் எண்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று சொல்லி ஏதாவது செயலியை நிறுவச் சொல்லிக் கணக்கைக் காலி செய்துவிடுவார்கள். அப்படிப் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகாருக்கான 1930க்கு அழைக்க வேண்டும்.

பதில்: மஞ்சள் போர்டு

திருச்சி விமான நிலையத்துக்கு டிராப் டாக்சியைப் பற்றி அம்மா கேட்டது விட்டுப்போய்விட்டது. டிராப் டாக்சி என்பது பெரும்பாலும் தொலைபேசியிலோ வாட்ஸ்அப்பிலோ பதிவு செய்வது. ஓலா, ஊபர் போல ஓடிபியும் அவசரப் பொத்தானும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பதிவு வாங்குபவர் ஒருவர், வண்டி வேறொருவருடையது, ஓட்டுபவர் மூன்றாமவர் என்று இருக்கும். எனவே அந்தப் பதிவை நீங்கள்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். புறப்படுவதற்கு முதல் நாள் மாலைக்குள் வண்டி எண்ணும் ஓட்டுநர் பெயரும் கைப்பேசி எண்ணும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வர வேண்டும். மஞ்சள் போர்டு வண்டிதான் வேண்டும் என்றும், கிலோமீட்டர் கட்டணம், குறைந்தபட்ச கிலோமீட்டர், ஓட்டுநர் படி, சுங்கம் ஆகியவற்றில் எவை மொத்தத்தில் அடங்கும் என்றும் அதே உரையாடலில் கேட்டு வாங்குங்கள். முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

கும்பகோணத்திலிருந்து விமான நிலையம் ஏறத்தாழ 95 கிலோமீட்டர். தஞ்சாவூருக்கு அப்புறம் நாற்கரச் சாலை. நாற்கரச் சாலை வந்ததும் வேகம் கூடும். பெரியவர்கள் இருக்கிறார்கள், 80க்கு மேல் போக வேண்டாம் என்று புறப்படும்போதே சொல்லிவிட்டால் பிறகு சொல்ல வேண்டியிருக்காது. மாமியாரை முன்னிருக்கையில் உட்கார வைப்பதாக இருந்தால் இருக்கையைப் பின்னால் தள்ளிப் போடச் சொல்லுங்கள், பெல்ட்டைத் தோளின் மேல் சரியாக வருமாறு மாட்டுங்கள். நள்ளிரவு விமானம் என்றால் ஓட்டுநர் பகலில் தூங்கினாரா என்று முதல் நாள் பேசும்போதே கேளுங்கள். நடுவில் வல்லம் பக்கம் ஒருமுறை நிறுத்த நேரம் ஒதுக்கிப் புறப்படுங்கள். வாழவந்தான்கோட்டைச் சுங்கச்சாவடி தாண்டிவிட்டால் நிலையம் வரை நிறுத்த வேண்டியிருக்காது.